ஜன்னலுக்கு வெளியே தோண்டும் சத்தம்

கடப்பாரை விழுகிறது. கல்லில் பட்டால் கிணீர் என்று ஒரு சத்தம், மண்ணில் பட்டால் தொப்பென்று ஒரு சத்தம், நடுவில் என் வீட்டுக்காரர் கிளாட்வின் மூச்சு வாங்குவது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் போனார். மண்ணில் என்ன கிருமி இருக்குமோ, தூசியோடு பறந்து வந்து என் மூக்கில் ஏறிவிடக் கூடாது என்று பழைய லுங்கியைக் கிழித்து இடுக்கெல்லாம் திணித்திருக்கிறார். தூசி வரவில்லை. சத்தம் மட்டும் சுவர் வழியாக, கட்டில் கால் வழியாக, தலையணை வழியாக ஏறி என் காதுக்குள் வந்து விழுகிறது. இடது பக்கம் சரிந்து படுத்திருக்கிறேன். வயிற்றின் மேல் ஒரு கை, வயிற்றைத் தாங்குகிற தலையணைக்கு அடியில் ஒரு கை. அசையவில்லை. காலையில் காப்பி குடித்தேன், அசையவில்லை. காப்பி இறங்கினதுமே விலாவுக்குக் கீழே ஒரு குதிகால் வந்து முட்டும். அது குதிகால்தான் என்று நானாக முடிவு செய்து வைத்திருக்கிறேன், முழங்கையாகவும் இருக்கலாம். இன்றைக்கு முட்டவில்லை. இட்லி தின்றேன். முட்டவில்லை. தூங்குகிறது. உள்ளேயும் பிள்ளைகள் தூங்கும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு தடவை கடப்பாரை விழட்டும், அதற்குள் அசைந்துவிடும். விழுந்தது. இன்னும் ஒரு தடவை.

கூப்பிடலாம். ஒரு குரல் கொடுத்தால் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவருவார். ஆனால் சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும். சொல்லாதவரை எனக்கும் என் உள்ளங்கைக்கும் மட்டும் தெரிந்த ஒன்று, இன்னும் கலைத்துவிடக் கூடியது, அடுத்த நிமிஷம் ஒரு உதை வந்தால் சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடியது. அவரும் அங்கே வேலையில் இருக்கிறார். வேலையில் இருக்கும்போதுதான் அவர் முகத்தில் அந்தப் பார்வை இருப்பதில்லை. என் முகத்தை முதலில் பார்த்து, அப்புறம் வயிற்றைப் பார்த்து, மறுபடி என் முகத்துக்கு வருகிற பார்வை. துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்குகிற வண்டி ஓட்டுகிறவர், மண்வெட்டி பிடித்துப் பழக்கமே இல்லை. எங்கள் ரெண்டு பூனைக்கும் வெளியே கக்கூஸ் கட்டத்தான் இந்தத் தோண்டல். யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் தோட்டத்தில் பூனைகளுக்கு அப்படிக் கட்டுகிற வீடியோவைப் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். குழி தோண்டி, அடியில் ஜல்லி போட்டு, அதன்மேல் மணல் கொட்டி, நாலு பக்கமும் ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே மழைக்கு ஒரு தகரம். தெருப் பூனைகள் உள்ளே வராமல் சுற்றிலும் வலை. வலை மட்டும் அவருடைய சொந்த யோசனை. வெள்ளைக்காரன் கம்பி அடித்திருந்தான். தூத்துக்குடியில் பழைய வலைக்கா பஞ்சம் என்றார். சொல்லும்போது சிரித்தார். சிரித்ததை நான் பார்த்தேன், அந்தச் சிரிப்பைத்தான் இப்போது உடைக்க மனசு வரவில்லையோ என்னவோ. இல்லை, அது இல்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

பூனைகளின் மண் தொட்டி இதுவரை குளியலறைக்குப் போகிற வழியில்தான் இருந்தது. நான் உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்த அன்றைக்கே அதை அள்ளுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். கையுறை, வாயில் துணி, முடித்ததும் முழங்கை வரை சோப்பு. பூனையின் கழிவில் ஒரு கிருமி உண்டு, தாய்க்கு ஒன்றும் செய்யாது, பிள்ளைக்குப் போனால் கண்ணையும் மூளையையும் கெடுத்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் நான் அந்தத் தொட்டியைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போனேன். போன தடவையும் எல்லாப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்றுதானே வந்தது. அப்புறம் மாமி. நாளைக்கு மணப்பாட்டிலிருந்து மாமி வருகிறார்கள், பிரசவம் வரை கூட இருக்க. "ஏட்டி ஜெனோவா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும், ஒனக்குப் பூனை வேணுமா பிள்ள வேணுமா? வீட்டுக்குள்ள அந்தத் தொட்டி இருந்தா நான் வாசப்படி மிதிக்க மாட்டேன், ஆமா." நேற்று சாயங்காலம் போனில். கெட்ட மனுஷி இல்லை. அவர்களுக்கும் ஒரு பேரப்பிள்ளை போயிருக்கிறது. கிளாட்வின் போனை வாங்கி, "தொட்டி வீட்டுல இருக்காதும்மா. பூனை இருக்கும். நீங்க வாங்க" என்றார். அப்போது அசைந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவர் குரலைக் கேட்டுத்தான் அசைகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு? படுக்கும்போது? படுக்கும்போது அசைந்ததா, இல்லை அசைந்ததாக நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேனா? ஞாபகத்தைப் பிடித்துப் பிழிந்து பார்க்கிறேன், சொட்டு வரவில்லை.

மண்வெட்டிக்கு மாறிவிட்டார். கரகரவென்று வழிக்கிற சத்தம், பிறகு இரும்புச் சட்டியில் மண் விழுகிற சத்தம். சர்க்கரைத் தண்ணீர். குளிர்ந்த தண்ணீரில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தால் அசையும், அப்படியும் அசையாவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். "ஏங்க" என்கிறேன். சத்தம் நின்றுவிட்டது. எவ்வளவு சீக்கிரம் நின்றுவிடுகிறது பாருங்கள், காதை இந்தப் பக்கமே வைத்துக்கொண்டுதான் தோண்டுகிறார் போல. பின்கதவு, குழாய், சோப்பு தேய்க்கிற நேரம், மறுபடி குழாய். வாசலில் வந்து நிற்கிறார். முழங்கை வரை ஈரம், பனியனில் சிவப்பு. தேரி மண். கடல் மணலில் உப்பு இருக்கும், கடையில் விற்கிற நொறுக்கின மணல் பூனையின் பாதத்தைக் குத்தும் என்று, உடன்குடிப் பக்கம் போகிற லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லி சாக்கில் தேரி மண் வரவழைத்திருக்கிறார். மாவு மாதிரி நைசாக இருக்கும், ரத்தம் காய்ந்த நிறம். "என்னட்டி, என்ன செய்யுது?" முகம், வயிறு, முகம். "ஒண்ணும் இல்ல, நாக்கு வறளுது, சீனி போட்டுத் தண்ணி தாங்க." "சீனியா?" "ஆமா, இனிப்பா குடிக்கணும் போல இருக்கு." கொண்டு வந்தார். நான் குடிக்கும்வரை நின்றார். "அடியில ஒரே கல்லா கெடக்கு. வீடு கெட்டுனப்ப மிச்சத்த எல்லாம் அங்கதான் போட்டு மூடியிருக்கானுவ. இன்னும் கொஞ்சம்தான், ஜல்லி போட்டுட்டா முடிஞ்சிரும்" என்றார். நல்லது என்றேன். அவர் போனார். சொல்ல வாயைத் திறந்தேன், நல்லது என்றுதான் வந்தது.

சர்க்கரை இறங்குகிறது. நெஞ்சுக்குழி வரை குளிர்ச்சி தெரிகிறது, அப்புறம் தெரியவில்லை. வா. எழுந்திரு. பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை, செல்லமாகக்கூட ஒன்றும் கூப்பிடுவதில்லை. வா என்று மட்டும் சொல்லுவேன், போ என்று சொல்லுவேன், தள்ளு என்று சொல்லுவேன், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசுகிற மாதிரி. எதுவும் வாங்கவும் இல்லை. போன தடவை எல்லாம் இருந்தது. மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னச் சட்டைகள், துவைத்து மடித்து, மெத்தை, கொசுவலைக் குடை, கிலுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பி வந்தபோது அதெல்லாம் வீட்டில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, அலமாரியின் அந்தத் தட்டு மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. இந்தத் தடவை ஒரு துண்டுகூட வாங்கவில்லை. எட்டு மாசமாக இந்த வீட்டில் வரப்போகிற ஆளுக்கு என்று ஒன்றுமே நடக்கவில்லை. பூனைக்குத்தான் நடக்கிறது. பூனைக்கு என்று சொல்லிக்கொண்டால் தோண்டலாம், கட்டலாம், தகரம் அளக்கலாம், மேலே எது இருக்கிறதோ அதற்குக் கேட்காது. நேற்று அவர் குழிக்கு இடம் குறிக்கும்போது சுண்ணாம்பால் கோடு போட்டார். நான் இதே ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு கை நீளம், அதில் பாதி அகலம். அவர் அதைப் பார்த்தபடி நின்றார், வெகுநேரம் நின்றார். அப்புறம் காலால் ஒரு பக்கத்துக் கோட்டை அழித்துவிட்டு, இன்னும் பெரியதாக, சதுரமாக, வேறு கோடு போட்டார். ஏன் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஜன்னலை விட்டு வந்துவிட்டேன்.

அந்தக் குழியை நான் பார்க்கவில்லை. பிள்ளையையும் பார்க்கவில்லை. ரெண்டு ஜனவரிக்கு முன்னால். அப்போதும் எட்டாம் மாசம், அப்போதும் இப்படித்தான் ஒரு காலை, அசையவில்லையே என்று நினைத்தேன், தூங்குகிறது என்று நினைத்தேன். எடுத்தபோது சத்தம் வரவில்லை. பிரசவ அறையில் அத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூடப் பேசவில்லை, பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன. பொம்பளைப் பிள்ளை என்று ஒரு சிஸ்டர் சொன்னார், யாரிடமோ, என்னிடம் இல்லை. ஊசி போட்டார்கள், கண் செருகியது. விழித்தபோது மாமி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கொண்டு போயாச்சு. நீ பாக்க வேண்டாம் மக்ளே. பாத்தா மனசுல ஒட்டிக்கிடும், அப்புறம் உரிக்க முடியாது." பார்க்காதது ஒட்டிக்கொள்ளாது என்று யார் சொன்னது. பார்த்திருந்தால் ஒரு முகம் இருந்திருக்கும், ஒரே ஒரு முகம். பார்க்காததால் வீதியில் போகிற ஒவ்வொரு பிள்ளையின் முகமும் அதற்குப் பொருந்திப் பொருந்தி விழுகிறது. கிளாட்வின் சாயங்காலம் வந்தார். கால் விரல் இடுக்கில் மண் இருந்தது. கையைக் கழுவியிருந்தார், காலைக் கழுவ மறந்திருந்தார். நான் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நான் பார்ப்பதைப் பார்த்துக் காலை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அதோடு சரி. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்ட மொத்தப் பேச்சும் அதுதான். அவர் கேட்பதற்கு நான் காத்திருந்தேன். நான் கேட்பதற்கு அவர் காத்திருந்தாரோ என்னவோ.

கல். மறுபடி கல். கிணீர். பால் கட்டிக்கொண்டது. யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. பிள்ளை இல்லை என்று மாருக்குத் தெரியாது, மூன்றாம் நாள் கல்லாகக் கனத்துக் காய்ச்சல் கண்டது. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள், காம்பவுண்டுக்கு வெளியே சாக்கடை ஓரம் கீச்சுக் கீச்சென்று கத்தல். தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டுக் கிடந்தது, ரெண்டு குட்டிகள் கண்கூட முழுசாகத் திறக்காமல் அதன் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கத்தல் கேட்டதும் என் நைட்டியின் முன்பக்கம் நனைந்தது. தானாக. மாத்திரையையும் மல்லிகைப்பூவையும் மீறி. வாசலில் நின்றுகொண்டிருந்த நான் குனிந்து பார்த்தேன், ரெண்டு வட்டம், பெரிதாகிக்கொண்டே போனது. அந்தக் குட்டிகளை எடுத்து வந்தேன். மருந்து உறிஞ்சுகிற குழாயில் ஆட்டுப்பால் கொடுத்தேன். ஆட்டுப்பால்தான். எல்லாருக்கும் சொன்னது அதுதான், நடந்ததும் அதுதான். ஆனால் கொடுக்கும்போதெல்லாம் அவற்றை மாரோடு சேர்த்து வைத்துக்கொண்டேன், ஈரம் அவற்றின் முதுகில் பட்டது. அதை யாரிடமும் சொன்னதில்லை. கிளாட்வினிடமும். பூனை வேணுமா பிள்ள வேணுமா என்று கேட்டால் எந்த வாயால் நான் பதில் சொல்ல? மீன் பெயராக வைத்தார் அவர். நீளமாக ஒல்லியாக இருந்தவன் ஊளி, பளபளவென்று இருந்தவள் சீலா.

சீலா எங்கே? ராத்திரி முழுக்க என் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கிடப்பாள், காலையில் அவர் விரட்டினாலும் திரும்பி வந்துவிடுவாள். உள்ளேயிருந்து உதை வரும்போது காதை மட்டும் திருப்புவாள். இன்றைக்குக் காலையில் வந்தாள். படுத்தாள். எழுந்தாள். வயிற்றை மோந்து பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. மழை வரப்போகிறது என்றால்கூடப் பூனைக்கு முன்னாலேயே தெரியும் என்பார்கள். அதை ஏன் நினைத்தேன். கையை வயிற்றில் வைத்து அழுத்துகிறேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கெட்டியாக ஒன்று நகர்கிறது. நகர்கிறதா, நான் தள்ளியதால் நகர்ந்ததா? தொட்டித் தண்ணீரில் கிடக்கிற காயைத் தள்ளினாலும் நகரும். ஐயோ. அடுத்த சட்டி மண் விழட்டும். விழுந்தது. இவர் எவ்வளவு ஆழம் தோண்டுகிறார்? பூனைக்கு ஒரு முழம் போதும் என்றாரே, வீடியோவில் அவ்வளவுதான் இருந்தது. காலையிலிருந்து தோண்டுகிறார். மூச்சு வாங்குகிற சத்தம் இப்போது தாழ்வாகக் கேட்கிறது, தரைக்குக் கீழேயிருந்து வருகிற மாதிரி. குழிக்குள் நின்று தோண்டுகிறார். பூனைக்கு என்ன இவ்வளவு ஆழம். நிறுத்துங்கள். போதும். அன்றைக்கும் இவர்தான் தோண்டினாரா? கால் விரலில் மண் இருந்ததே. கல்லறைத் தோட்டத்தில் அதற்கு ஆள் உண்டே. இந்தச் சத்தத்தைத்தான் அன்றைக்கும் கேட்டிருப்பேனா, நான் ஊசி மயக்கத்தில் கிடந்த நேரத்தில் ஊரின் இன்னொரு கோடியில் இதே மூச்சு, இதே மண்ணா?

எழுந்துவிட்டேன். சட்டென்று எழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், எழுந்துவிட்டேன். சுவரைப் பிடித்து ஜன்னலுக்குப் போய் லுங்கித் துணியை உருவுகிறேன். ஒன்று, இன்னொன்று, நீளமாக வந்துகொண்டே இருக்கிறது. கொண்டியைத் தட்டி ஜன்னலைத் திறந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. அவர் இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். "ஏட்டி! தூசி! மூடு, மூடு! என்னத்துக்கு எந்திரிச்ச?" கையை ஆட்டுகிறார், மண்வெட்டி கையிலேயே இருக்கிறது. "எவ்ளோ ஆழம்?" என்று கேட்டேன். குழியைக் குனிந்து பார்த்தார், இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி. "கூடிப்போச்சு" என்றார். "கல்லு வந்துச்சுல்லா, எடுத்துக்கிட்டே போனேன். ஜல்லிய கூடப் போட்டா சரியாயிரும்." "இது இல்ல. அன்னைக்கு. அன்னைக்கு எவ்ளோ ஆழம்?"

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்தது, மறுபடி எடுத்துச் சாய்த்தார். குழியை விட்டு ஏறி வரவில்லை. ஏறி வந்தால் என் முகம் பக்கத்தில் வந்துவிடும் என்று நினைத்தாரோ. அங்கேயே நின்று, என்னைப் பார்க்காமல், குழியின் ஓரத்தில் கொட்டியிருந்த தேரி மண்ணைக் கையால் தட்டிக்கொண்டே சொன்னார். "இதே அளவுதான். இடுப்பு மட்டும். தோட்டத்து ஆளு போதும்னாரு. சின்ன உருப்படிதான தம்பி, முட்டளவு போதும்னாரு. எனக்கு மனசு கேக்கல. நாய் கிண்டிரக் கூடாதுல்லா. மண்வெட்டிய அவருட்ட இருந்து வாங்கி நானே தோண்டிட்டேன்." "பாத்தியளா?" "ம்." "யாரு மாதிரி?" ஊளி எங்கிருந்தோ வந்து குவித்த சிவப்பு மண்ணில் ஏறி நின்று காலை உதறினான். "ஏங்க, யாரு மாதிரி இருந்தா?" "முடி நெறைய இருந்துச்சு ஜெனோ. நகம் வளந்திருந்துச்சு, வெட்டுற அளவுக்கு. ஒனக்கு வலது காதுல மேல ஒரு மடிப்பு இருக்கும்லா... அது அப்படியே இருந்துச்சு. மத்தபடி கண்ணு மூடியிருந்துச்சு, அதனால தெரியல." என் கை என் காதுக்குப் போய்விட்டது. அந்த மடிப்பு. நான் பிறந்த நாளிலிருந்து என் தலையில் இருக்கிற, கண்ணாடியில் பார்த்துச் சலித்த, கம்மல் கடைக்காரிகூட என்னம்மா இது என்று கேட்ட அந்த மடிப்பு. அவள் அதைக் கொண்டு போயிருக்கிறாள். ரெண்டு வருஷமாக இந்த மனுஷர் என் பக்கத்தில் படுத்து, விளக்கை அணைக்கும்போதெல்லாம் என் காதைப் பார்த்திருக்கிறார்.

"ஞானஸ்நானம் கொடுக்க முடியாதுன்னுட்டாவ. சும்மா வைக்க எனக்கு மனசு வரல. பேரு சொன்னேன். மூடுறதுக்கு முன்னாடி, குனிஞ்சு, காதுல சொன்னேன்" என்றார். "என்ன பேரு?" "நீ கோவப்படுவ. ஒன்னக் கேக்காம வச்சிட்டேன்." "என்ன பேருங்க?" "ஆக்னஸ். அன்னைக்குக் காலண்டர்ல அந்தப் புனிதைக்குத் திருநாள்னு போட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வரும்போது பாத்துட்டு வந்தேன். வேற ஒண்ணும் வாயில வரல." ஆக்னஸ். ஆக்னஸ் என்று சொல்லிப் பார்த்தேன், சத்தமாக. வாய்க்குள் ஒரு இடம் அதற்காகக் காலியாக வைத்திருந்த மாதிரி போய் உட்கார்ந்தது. கோபம் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, திரும்பி வந்து அழவில்லை, துடைத்த அலமாரியைப் பார்த்து அழவில்லை. இப்போது மூக்கு ஒழுக, வாய் கோண, தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுதேன். அவர் குழியிலிருந்து கையை ஊன்றி ஏறி ஓடிவந்து கம்பி வழியாக என் கையைப் பிடித்தார், மண் கையோடு. கிருமி, தூசி எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. அந்தக் கை என் கையில் இருந்தபோதுதான் சொல்ல முடிந்தது. "காலையில இருந்து அசையலங்க."

முகம், வயிறு, முகம். அதற்கப்புறம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. பின்தெரு ஆட்டோ. முகம் கழுவவில்லை, செருப்புப் போடவில்லை. என்னை அணைத்துப் பின்வாசல் வழியாகத்தான் கூட்டிப் போனார், அதுதான் ஆட்டோவுக்குப் பக்கம். குழியை ஒட்டி நடந்தோம். பார்த்தேன். அடியில் ஈரமாக இருந்தது, ஒரு பக்கம் செங்கல் துண்டுகள் துருத்திக்கொண்டிருந்தன, அவ்வளவுதான், வெறும் குழி. ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் "மெல்லண்ணே, மெல்ல" என்றார். அதே மூச்சில் "சீக்கிரம்ணே" என்றார். என் நைட்டியில் அவருடைய ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. நான் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இனி கையால் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. ரோட்டில் உப்பு லாரிகள், கடைகள், மத்தியானத்துக்கு ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகள், எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அவளுக்கு நிறைய முடி, மடிந்த காது, வேறு யாரும் அவள் இல்லை.

டாக்டரம்மா வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி அந்தக் கருவியை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல், வெறும் இரைச்சல், ஆள் இல்லாத அலைவரிசை. கொஞ்சம் நகர்த்தினார். இரைச்சல். அறையில் ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்குத் தெரியும், அதன் வாசனைகூடத் தெரியும். கண்ணை மூடினேன். இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தினார், வலித்தது, அப்போது இரைச்சலுக்கு அடியில் ஒன்று. அப்புறம் நின்றது. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. "இருக்கு" என்றார் டாக்டரம்மா. கிளாட்வின் சுவரில் தலையை முட்டிக்கொண்டார், நிஜமாகவே, சத்தம் கேட்டது. ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "துடிப்பு ரொம்ப மெதுவா இருக்கு. பிள்ள சுருங்கிப்போய் உள்ள கஷ்டப்படுது. இனி உள்ள இருக்கிறத விட வெளிய இருக்கிறதுதான் அதுக்கு நல்லது. இப்பவே எடுக்கணும். சின்னப் பிள்ளையா இருக்கும், கண்ணாடிப் பெட்டியில வைக்க வேண்டி வரும், நான் ஒண்ணும் உறுதி சொல்ல மாட்டேன்." "எடுங்க" என்றேன். டாக்டரம்மா கிளாட்வினைப் பார்த்துத்தான் கேட்டார், நான்தான் சொன்னேன்.

பச்சைத் துணி மாற்றினார்கள். கம்மலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார், கதவு வரைக்கும், அதற்கு மேல் விடவில்லை. ஸ்டிரெச்சரில் படுத்தால் மேலே விளக்குகள் மட்டும்தான் தெரிகின்றன, ஒன்று போய் இன்னொன்று. அந்த இடத்து சிஸ்டர் புதுசு, சின்னப் பெண், என்னைப் பார்த்ததில்லை. மணிக்கட்டில் பேர் எழுதின பட்டையைக் கட்டிக்கொண்டே, பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "மொதப் பிள்ளையாக்கா?" என்று கேட்டாள். "ரெண்டாவது" என்றேன். "அப்படியா. மூத்தது என்ன பிள்ள?" "பொம்பளப் பிள்ள. ஆக்னஸ்." "நல்ல பேரு" என்றாள், பட்டையின் நுனியை மடித்துவிட்டு. "இப்ப யாருக்கா பாத்துக்கிடுதாவ அவள?" உள்ளே, விலாவுக்குக் கீழே, ஒன்றும் முட்டவில்லை. கதவின் வட்டக் கண்ணாடியில் கிளாட்வின் முகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "அவ அப்பா" என்றேன். "தூங்க வச்சிட்டுத்தான் வந்திருக்காரு."

"சமத்து" என்றாள் சிஸ்டர். ஸ்டிரெச்சரை உள்ளே தள்ளினாள்.